இருமல் நின்ற பிறகும் ஆறு மாத மாத்திரை எதற்கு?



நமது மருத்துவ உதவிப் பிரிவை நாடி வரும் குடும்பங்களில் காசநோய்க்கு (டிபி) மருந்து சாப்பிடுபவர்கள் எப்போதும் சிலர் இருக்கிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள், ஆவடியில் வீட்டிலேயே தையல் வேலை செய்யும் பெண்கள், பூந்தமல்லி பக்கம் ஆட்டோ ஓட்டுபவர்கள் என்று எல்லாத் தரப்பிலும் உண்டு. மாத்திரை தொடங்கி ஆறேழு வாரம் ஆனதும் அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “இருமல் நின்றுவிட்டது, சாயங்காலக் காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது. இன்னும் நாலு மாதம் எதற்கு?”

கேட்பதில் நியாயம் இருக்கிறது. சளிக் காய்ச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை, டைபாய்டுக்கு இரண்டு வாரம் என்று பழகியவர்களுக்கு ஆறு மாதம் என்பது பெரிய சுமைதான். “டாக்டர் சொன்னார், சாப்பிடுங்கள்” என்று மட்டும் சொன்னால் மனம் ஒப்பாது. காரணம் புரிந்தால் ஒப்பும். அந்தக் காரணம் நுரையீரலுக்குள்ளேயே இருக்கிறது. காற்று புகாத சில இடங்களில் கிருமி ஒளிந்துகொள்கிறது. அங்கே நமது உடலின் எதிர்ப்பு செல்களும் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. இதைத்தான் இந்தக் கட்டுரையில் எளிமையாக விளக்க முயல்கிறோம்.

காற்றை விரும்பும் கிருமி

காசநோய்க் கிருமியை 1882-ல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கண்டறிந்தார். இந்தக் கிருமி பெருக வேண்டுமானால் ஆக்சிஜன், அதாவது பிராணவாயு, தாராளமாக வேண்டும். நுரையீரலின் மேல்பகுதியை அது அதிகம் பிடிப்பதற்கு அங்கு ஆக்சிஜன் கூடுதலாக இருப்பதும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

அப்படியானால் காற்றை நிறுத்தினால் கிருமி செத்துவிட வேண்டும் அல்லவா? அமெரிக்காவைச் சேர்ந்த லாரன்ஸ் வெய்ன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். கிருமிகளை மூடிய குழாய்களில் வைத்து, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும்படி விட்டார். கிருமிகள் சாகவில்லை. பெருகுவதை நிறுத்திவிட்டு, ஏறக்குறைய உறக்க நிலைக்குப் போய்விட்டன. மறுபடி காற்று கிடைத்ததும் விழித்துப் பெருகத் தொடங்கின. உறங்கும் கிருமிகளிடம் ஐசோனியாசிட் போன்ற முக்கியமான மருந்தும் வலுவிழந்தது. அவரும் அவருடைய சக ஆய்வாளரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இத்துறையில் அடிப்படையாகக் கருதப்படுகிறது.

நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். பிரியாணிக்குத் தம் போடும்போது சாம்பல் மூடிய கரி வெளியே தெரியாது. ஆனால் விசிறினால் உடனே கனல் எழும்.

முடிச்சுக்குள் என்ன நடக்கிறது?

கிருமி நுரையீரலுக்குள் நுழைந்ததும், நமது ரத்தத்திலும் திசுக்களிலும் காவல் காக்கும் வெள்ளை அணுக்கள் ஓடி வந்து அதைச் சூழ்ந்துகொள்கின்றன. அவற்றில் முதன்மையானவை பெருவிழுங்கிகள். இவை கிருமியை விழுங்கிச் செரிக்கப் பார்க்கும். காசநோய்க் கிருமியோ விழுங்கிய செல்லுக்குள்ளேயே உயிர் வாழக் கற்றது. முழுதாக அழிக்க முடியாதபோது, மேலும் மேலும் செல்கள் வந்து அடுக்கடுக்காகச் சூழ்ந்து ஒரு சுவர் எழுப்புகின்றன. கடுகு அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் உருவாகும் இந்த முடிச்சை மருத்துவர்கள் கிரானுலோமா என்பார்கள்.

கிருமியை அடைத்து வைக்க உடல் கட்டும் சிறை இது. பலருக்கு இந்தச் சிறையே போதும். கிருமி உடலில் இருந்தாலும் வாழ்நாள் முழுவதும் நோய் வராது. ஆனால் சுவர் தடிக்கத் தடிக்க ரத்த ஓட்டம் நடுப்பகுதிக்குப் போய்ச் சேருவதில்லை. நடுவிலுள்ள செல்கள் செத்துப் பாலாடைக்கட்டி போன்ற கூழாகின்றன. ரத்தம் போகாத இடத்துக்கு ஆக்சிஜனும் போகாது, மருந்தும் எளிதில் போகாது.

2008-ல் வெளியான ஓர் ஆய்வில், காசநோய் வந்த முயல்களின் நுரையீரல் முடிச்சுக்குள் நுண்ணிய கருவியைச் செலுத்தி ஆக்சிஜன் அழுத்தத்தை அளந்தார்கள். நல்ல ஆரோக்கியமான மனிதரின் தமனி ரத்தத்தில் இது சுமார் 100 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். முடிச்சுக்குள் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தது. கினிப்பன்றி, குரங்கு ஆகியவற்றின் முடிச்சுகளிலும் ஆக்சிஜன் பற்றாக்குறை உறுதியானது. 2016-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் காசநோயாளிகள் சிலருக்கு ஸ்கேன் எடுத்து, மனித நுரையீரலிலும் நோய் பிடித்த இடங்களில் இதே பற்றாக்குறை இருப்பதைக் காட்டினார்கள்.

ஆக்சிஜன் குறைந்தால் எதிர்ப்பு செல்கள் என்ன செய்யும்?

நமது செல்களுக்குள் ஆக்சிஜன் குறைவை அறிந்து செயல்படும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஹிஃப் என்பது அந்தப் புரதத்தின் பெயர். செல்கள் ஆக்சிஜன் அளவை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

காசநோயில் இந்த சுவிட்ச் நமக்கு நன்மையும் செய்கிறது, தீமையும் செய்கிறது.

முதலில் நன்மை. சுவிட்ச் விழித்துக்கொண்டதும் பெருவிழுங்கிகள் ஆக்சிஜன் அதிகம் தேவைப்படாத முறையில் சர்க்கரையை எரித்துச் சக்தி பெற்று, கிருமியோடு போராடுகின்றன. எலிகளிடம் செய்த சோதனையில், இந்த சுவிட்ச் இல்லாத எலிகளால் கிருமியைக் கட்டுப்படுத்த முடியவில்லை. கண்ணாடி போல் உடல் தெரியும் சிறு மீன் குஞ்சுகளில், காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமியைச் செலுத்திப் பார்த்தபோது, இந்த சுவிட்சை முன்கூட்டியே தூண்டிவிட்டால் கிருமிகள் குறைந்தன.

அடுத்து தீமை. போர் நீண்டு, முடிச்சுக்குள் ஆக்சிஜன் பஞ்சம் நிலையாகிவிட்டால், அதே செல்கள் திசுவைக் கரைக்கும் நொதிகளை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. கொலாஜினேஸ் என்பது அவற்றில் ஒன்று. நுரையீரலுக்கு வலுவூட்டும் கொலாஜன் நார்களை இது அறுத்துவிடும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வழக்கமாகக் குறைந்த ஆயுள் உள்ளவை. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அவை கூடுதல் நேரம் உயிரோடிருந்து கூடுதல் சேதம் செய்கின்றன.

இதனால் முடிச்சு உடைந்து, நுரையீரலில் பள்ளம் விழுகிறது. எக்ஸ்ரே பார்த்து மருத்துவர்கள் “கேவிட்டி” என்று சொல்வது இந்தப் பள்ளத்தைத்தான். பள்ளம் மூச்சுக்குழாயோடு சேர்ந்ததும் உள்ளே காற்று வருகிறது. உறங்கிய கிருமிகள் விழித்துக் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. இருமும்போது அவை வெளியே வந்து பக்கத்தில் இருப்பவர்களைத் தொற்றுகின்றன.

ஆக, நுரையீரல் கெடுவதற்குக் கிருமி மட்டும் காரணமில்லை. நமது உடலின் எதிர்ப்பும் அதில் பங்கெடுக்கிறது. சிகிச்சையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் இந்தச் சேதம் கூடுகிறது. பிறகு கிருமி முழுதாக ஒழிந்தாலும், தழும்பு விழுந்த நுரையீரல் பழைய நிலைக்கு வராமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலை சிலருக்குத் தங்கிவிடுகிறது.

எந்த மாத்திரை எந்தக் கிருமியைக் கொல்கிறது?

இதுவரை சொன்னதிலிருந்து ஒன்று தெளிவாகும். ஒரே நோயாளியின் நுரையீரலில் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் கிருமி, மெதுவாக நகரும் கிருமி, உறங்கும் கிருமி என்று பல நிலையில் கிருமிகள் இருக்கின்றன. அதனால்தான் ஒரு மருந்து போதுவதில்லை.

ஐசோனியாசிட் விழித்துப் பெருகும் கிருமிகளை முதல் சில நாட்களிலேயே பெருமளவில் கொல்கிறது. இருமலும் காய்ச்சலும் குறைவது இதனால்தான். பைரசினமைடு, அமிலத்தன்மை உள்ள இடங்களில் மந்தமாகக் கிடக்கும் கிருமிகளைத் தாக்குகிறது. ரிஃபாம்பிசின், உறக்கத்திலிருந்து சிறிது நேரம் விழித்தெழும் கிருமியையும் பிடித்துக் கொல்லும் ஆற்றல் கொண்டது. எத்தாம்பியூட்டால், கிருமிகள் மற்ற மருந்துகளை எதிர்த்து நிற்கப் பழகாமல் காவல் காக்கிறது.

அரசு மருத்துவமனைகளில் முதல் இரண்டு மாதம் இந்த நான்கு மருந்துகளும் ஒரே மாத்திரையாக, உடல் எடைக்கு ஏற்ற எண்ணிக்கையில் தரப்படுகின்றன. அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு இல்லாமல் மற்ற மூன்றும் தொடர்கின்றன. முதல் இரண்டு மாதத்தில் சாகிறவை பெரும்பாலும் விழித்திருக்கும் கிருமிகள். மிச்சமிருக்கும் உறங்கும் கிருமிகளுக்காகத்தான் அடுத்த நான்கு மாதம். அவை எப்போது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. விழிக்கும் நாளில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும்.

காற்று இல்லாத இடத்திலேயே கிருமியைக் கொல்லும் மருந்தும் தேடப்பட்டது. வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரை வெய்னின் குழாய்களில் உறங்கும் கிருமியைக் கொன்றது. தென் கொரியாவில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாளிகளுக்கு அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் சளியில் கிருமி சீக்கிரம் குறைந்தாலும் பலன் நிலைக்கவில்லை. நரம்புப் பாதிப்பு வந்ததால் அந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஆகவே யாரும் மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த பிரிட்டோமானிட் என்ற புதிய மருந்து ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் வேலை செய்கிறது. பெடாக்விலின் உள்ளிட்ட மருந்துகளோடு அதைச் சேர்த்து, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சையாகத் தர 2024-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. முன்பு இத்தகைய நோயாளிகள் ஒன்றரை வருடம், அதற்கு மேலும் மருந்து சாப்பிட வேண்டியிருந்தது.

ஹிஃப் சுவிட்சை மருந்தால் கட்டுப்படுத்தும் முயற்சி இன்னும் ஆய்வுக்கூட அளவில்தான் இருக்கிறது. எந்த நேரத்தில் தூண்டினால் நன்மை, எந்த நேரத்தில் அடக்கினால் நன்மை என்பதுதான் அதில் சிக்கல்.

சென்னை உலகுக்குச் சொன்ன பாடம்

காசநோய் சிகிச்சையின் வரலாற்றில் நமது சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து இங்கே ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது அதுதான்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, நல்ல உணவு என்பதே சிகிச்சை. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் மறு பிரிவுக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் வீட்டுச் சிகிச்சைக்கு வழி திறந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் எல்லாவற்றுக்கும் மேல் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

அதே நிறுவனம் பிற்காலத்தில் சிகிச்சையை நான்கு மாதமாகக் குறைக்க முடியுமா என்றும் முயன்று பார்த்தது. கேட்டிஃப்ளாக்சசின் அல்லது மாக்சிஃப்ளாக்சசின் சேர்த்து, வாரம் மூன்று நாள் வீதம் நான்கு மாதம் கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்தபோது பெரும்பாலோர் நலமாகவே இருந்தார்கள். ஆனால் பிறகு, ஆறு மாதம் சாப்பிட்டவர்களைவிட இவர்களில் அதிகம் பேருக்கு நோய் திரும்பியது. 2013-ல் அந்த முடிவு வெளியானது. தேர்ந்த மருத்துவர்களின் கண்காணிப்பில், வலுவான மருந்தோடு நான்கு மாதத்தில் நிறுத்தியபோதே இப்படி என்றால், இரண்டாம் மாதத்தில் நாமாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாதியில் விட்ட மருந்தைப் பார்த்துப் பழகிய கிருமி, அடுத்த முறை அந்த மருந்துக்கே கட்டுப்படாமல் போகலாம்.

விரல் நுனியில் பார்க்கும் ஆக்சிஜன்

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறோம். மேலே சொன்னது முடிச்சுக்குள் இருக்கும் ஆக்சிஜன் பஞ்சம். அதை வீட்டில் அளக்க முடியாது. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர் காட்டுவது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை. நுரையீரலின் பெரும்பகுதி கெட்ட பிறகே அது குறையும். அதனால் அளவு 98 என்று காட்டினால் காசநோய் இல்லை என்று பொருளாகாது. ஆனால் காசநோயாளிக்கு அளவு குறைந்தால் அது அபாய அறிவிப்பு.

காசநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்கிறது. இதைத் தடுக்க 2022-ல் தமிழக அரசு “காசநோய் இறப்பில்லாத் திட்டம்” என்ற பணியைத் தொடங்கியது. இதற்கு வழிகாட்டும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அம்பத்தூரை அடுத்த நமது அயப்பாக்கத்தில்தான் இருக்கிறது. நோய் கண்டறிந்த உடனே ஒவ்வொருவரிடமும் சில எளிய அறிகுறிகளைப் பார்த்து, யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்வதே இத்திட்டத்தின் வழி. இவற்றை வீட்டில் உள்ளவர்களும் கவனிக்கலாம்:

• ரத்தத்தில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே இருப்பது

• ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது

• பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடியாமை

• எலும்பும் தோலுமாக மெலிந்துபோவது, அதோடு கால் வீங்குவது

இவற்றில் ஒன்று இருந்தாலும் “மாத்திரை வேலை செய்யட்டும்” என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம் இவற்றில் ஏதேனும் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதியுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். விவரங்களுக்கு 1800-11-6666 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.

மாத்திரை சாப்பிடத் தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது ரிஃபாம்பிசினின் நிறம், பயம் வேண்டாம். கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது போன்றவை இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எதிர்ப்பு செல்கள் போராடச் சாப்பாடு வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் கூடுதல் உணவுப்பொருள் தந்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. முட்டை, பருப்பு, கடலை, பால், மீன் என்று முடிந்ததைக் கொடுங்கள். சிகிச்சைக் காலத்தில் மத்திய அரசு மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகையாக வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. பதிவு செய்யாதவர்கள் நமது அலுவலகத்துக்கு வாருங்கள், உதவுகிறோம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் அதைக் கட்டுக்குள் வையுங்கள். பீடி, சிகரெட் அறவே கூடாது.

ரமலானில் சிலர் நோன்புக்காக மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இது வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உடல் தேறிய பிறகு விடுபட்ட நோன்பைக் களா செய்துகொள்ளலாம். நோன்பு வைக்கும் அளவுக்குத் தேறியவர்களுக்கு மாத்திரை ஒரே வேளைதான் என்பதால், எந்த நேரம் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளும் விடுபடக் கூடாது.

வீட்டில் உள்ள மற்றவர்களையும், குறிப்பாகச் சிறு பிள்ளைகளையும், பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் இல்லாமல் கிருமி மட்டும் உறங்கிக் கிடப்பவர்களுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. “வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது” என்று மறைத்து, மாத்திரையை ஒளித்துச் சாப்பிட்டு, விருந்தாளி வந்த நாட்களில் விட்டுவிடும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை பெருமளவு குறைந்துவிடும். ஆறு மாதம் முடித்தவர் திருமணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், எல்லா வேலையும் பார்க்கலாம். ஒளித்து வைக்கும் நோய்தான் திரும்பி வருகிறது. ஜமாஅத்தில் உள்ள பெரியவர்கள் இதை ஜும்ஆ நாளில் நாலு பேரிடம் எடுத்துச் சொன்னால் பல வீடுகளில் பயம் குறையும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது “இருமல் நின்றுவிட்டதே” என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தால், நீறு பூத்த நெருப்பை நினைவூட்டுங்கள். மருந்து வாங்கப் போய்வர ஆள் இல்லை, கூலி போகிறது என்றால் நமது தொண்டர்களிடம் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், ஆறாவது மாதம் முடியும் வரை கூட நிற்கிறோம்.